பழுப்புக் கொழுப்பைத் தூண்டும் என்று விற்கப்படும் அமினோ அமிலப் பொடி

கேள்வி: எனக்கு வயது 36. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கும் எடை கூடிக்கொண்டே போகிறது. நான் செல்லும் ஜிம்மில் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு 1,750 ரூபாய்க்கு ஒரு பிசிஏஏ (கிளைச்சங்கிலி அமினோ அமில) பொடி வாங்கினேன். 'பழுப்புக் கொழுப்பைத் தூண்டி, உடல் வெப்பத்தால் தொப்பையைக் கரைக்கும். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னும் மூடியைத் திறக்கவில்லை. பயன்படுத்தலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டப்பாவில் சொல்லப்படும் ஆய்வு பொய்யல்ல. ஆனால் அந்த ஆய்வு கண்டறிந்தது ஒன்று, விற்பனைக்காக அதிலிருந்து எடுத்துச் சொல்லப்படுவது வேறொன்று.

நம் உடலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பைத் தவிர, கழுத்திலும் காறை எலும்பின் மேற்புறத்திலும் முதுகெலும்பை ஒட்டியும் சிறிதளவு பழுப்புக் கொழுப்பும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு மட்டுமே அது உண்டு என்று நெடுநாள் கருதப்பட்டு வந்த நிலையில், பெரியவர்களிடமும் அது இயங்குவதை 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டின. அதன் செல்களில் நெருக்கமாக இருக்கும், ஆற்றலை உண்டாக்கும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களில் யுசிபி1 என்னும் புரதம் இருப்பதால், உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றல், உடலின் வேலைகளுக்கான ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறாக மாறாமல் நேராக வெப்பமாகவே வெளியேறுகிறது. இதைத் தொடங்கி வைப்பது குளிர்; குளிர்ந்தவுடன் நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலின்தான் அதற்கான கட்டளை.

ஷிங்கோ கஜிமுராவின் குழுவினர் 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, குளிரில் இந்தக் கொழுப்பு சர்க்கரையையும் கொழுப்பையும் மட்டுமின்றி, லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களையும் இரத்தத்திலிருந்து இழுத்து எரிக்கிறது என்றும், அவற்றை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு சேர்ப்பது எஸ்எல்சி25ஏ44 என்னும் கடத்திப் புரதம் என்றும் காட்டியது. உங்கள் டப்பாவில் இருப்பவையும் இதே மூன்று அமிலங்கள்தாம். ஆனால் அடுப்பு எரியும்போது விறகு செலவாகிறது என்பதால், அணைந்த அடுப்பில் விறகை அடுக்கினால் தீ பற்றிக்கொள்ளும் என்று ஆகிவிடாது. இவற்றைக் கூடுதலாகத் தின்றால் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொள்ளும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

சுண்டெலிகளில் செய்த வேறு சோதனைகள் இதற்கு எதிர்த்திசையில்கூடச் செல்கின்றன: உணவில் ஐசோலியூசினையோ, மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலத்தையோ குறைத்தபோதுதான் அவற்றின் ஆற்றல் செலவு கூடியது. அதை நம்பி நாமாகவே புரதத்தைக் குறைப்பதும் தவறு. ஆனால் உங்கள் குடும்ப வரலாற்றை நினைத்து ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த அமிலங்கள் ஏற்கெனவே மிகுதியாக இருப்பது 1969 முதலே அறியப்பட்டது. பின்னாளில் நீரிழிவு வரக்கூடியவர்களிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே இவற்றின் அளவு உயர்ந்திருப்பதை 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது காரணமா, விளைவா என்ற விவாதம் தீராத நிலையில், உங்களைப் போன்றவர் மருத்துவரைக் கேட்காமல் அதையே பொடியாக அள்ளிக் குடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புரத உணவுக்கு ஓர் உண்மையான வெப்ப விளைவு உண்டு. அதைச் செரித்துப் பயன்படுத்தவே அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 விழுக்காடுதான். ஆனால் இந்த வெப்பம் பெரும்பாலும் பழுப்புக் கொழுப்பில் பிறப்பதல்ல. அதைப் பெறத் தனிப் பொடியும் தேவையில்லை. சமைக்காத துவரம் பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அதில் மூன்று கிராமுக்குச் சற்று மேல் இந்த மூன்று அமிலங்களும், டப்பாவில் இல்லாத மற்ற இன்றியமையாத அமினோ அமிலங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பில்லுடன் கடைக்குச் செல்லுங்கள். விளம்பர வாசகத்தை நம்பி வாங்கியதாகவும், அதற்கான ஆதாரத்தைக் காட்டும்படியும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், டப்பாவின் நான்கு பக்கங்களையும் 14 இலக்க உணவு உரிம எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதுவரை டப்பாவின் முத்திரையை உடைக்க வேண்டாம்.