தகரக் கொட்டகையில் கிடந்த பேசில்லஸ் பவுடர் உயிரோடு இருக்குமா?

கேள்வி: போன வருஷம் வாங்கிய பேசில்லஸ் சப்டிலிஸ் பவுடர் தகரக் கொட்டகையில் கிடக்கிறது. மஞ்சள் விதைக்கிழங்கு நேர்த்திக்குப் போடலாமா, சூட்டில் செத்திருக்குமா? ஆய்வகத்தில் உண்டாக்கிய கிருமி என்கிறார்களே, மாடுகளுக்கு ஆகுமா? (வாழப்பாடி வாசகர்)

காலாவதித் தேதி தாண்டவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஈரமும் தீனியும் இல்லாவிட்டால், கிழங்கழுகலைத் தடுக்கப் போடும் இந்தப் பாக்டீரியா தடித்த ஓடு கட்டி வித்தாக உறங்கிவிடும். கொதிநீரையே சிறிது நேரம் தாங்கும் வித்து அது, தகரச் சூடு ஒன்றும் செய்யாது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பேசில்லஸ் என்று சொல்லிப் பலர் வைத்திருப்பது சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா. பார்க்க அதே டால்க் பவுடர்தான், ஆனால் அதற்கு வித்துக் கட்ட வராது. நிழலில் வைத்தாலே சில மாதம்தான். போன வருஷத்துச் சூடோமோனாஸ் என்றால் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். இரண்டும் கலந்த பாக்கெட் என்றால் பேசில்லஸ் பங்கு மட்டும்தான் மிச்சம், கொடுத்த காசில் பாதி போச்சு.

மாடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை தின்னும் வைக்கோலிலேயே இது இருக்கிறது. 1835-லேயே எஹ்ரன்பெர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி விவரித்த மண் பாக்டீரியா. ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள், உண்டாக்கவில்லை. ஜப்பானில் இதன் ஒரு வகையால் சோயாவைப் புளிக்கவைத்து நாட்டோ என்று சாப்பிடுகிறார்கள்.

நான் பயப்படுவது வீடு தேடி வரும் ஏஜென்டுக்குத்தான். 'உயிர் டானிக்' என்று ஒரு பாட்டில், கூடவே காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி, இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கச் சொல்வார். தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கிய உயிரைக் காசு கொடுத்தே கொல்வதா? நோய்க்கு மருந்து என்று விற்றால் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன்படி பதிவு எண் வேண்டும். கிராமுக்கு எத்தனை உயிரணு என்பதும் வேண்டும் (1×10⁸ என்றால் 10 கோடி). இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள், பில் இல்லாமலும் வாங்காதீர்கள். புகார் கொடுங்கள் என்பேன். ஆனால் மாதிரி எடுத்து, ஆய்வுக்குப் போய், முடிவு வருவதற்குள் நீங்கள் மஞ்சளை வெட்டி வேகவைத்துச் சந்தைக்கே அனுப்பியிருப்பீர்கள்.

சரி, அளவு லேபிளில் உள்ளபடிதான். நடும் அன்றைக்குக் கரையுங்கள். முந்தின இரவே கரைத்து வைத்தால் வித்து முளைக்கத் தொடங்கி, அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். கிழங்கை அரை மணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். சந்தேகமென்றால் பாக்கெட்டோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் (கேவிகே) கேளுங்கள். அப்புறம், வயலில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பவுடரும் கிழங்கழுகலை நிறுத்தாது. முதலில் வடிகாலை வெட்டுங்கள்.