தற்கொலை முயற்சியில் பிழைத்த தம்பிக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. வீட்டில் 'நடிக்கிறான்' என்கிறார்கள். உண்மையா?

நடிப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. இப்படியான முயற்சியில் சில நிமிடம் அந்த ஆக்சிஜன் தடைபட்டால் முதலில் அடிவாங்கும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ். புது நினைவுகள் பதிய உதவும் இடம் அது. அதனால்தான் பள்ளிக்கூடக் கதைகளை வரிசையாகச் சொல்கிறவன், இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் 'டிபன் ஆச்சாக்கா?' என்று கேட்கக்கூடும். ஸ்கேன் நார்மலாக வந்தாலும் இந்தக் குறை இருக்கலாம். கூடவே கை நடுக்கம், சட்டென்று வரும் கோபம், அசதி.

முன்னேற்றம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனை கேளுங்கள். சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு, போனில் அலாரம்: சாதாரண விஷயம்தான், நிறைய உதவும். மாத்திரைகளை வீட்டுப் பெரியவர் வைத்துக்கொண்டு வேளைக்குக் கொடுக்கட்டும்.

'ஏன் செய்தாய்?' என்று குடைய வேண்டாம். மனநல சிகிச்சையையும் நிறுத்த வேண்டாம். போலீஸ் கேஸ் பயத்தில் தயங்கினால், 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைப் பாருங்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அது கருதுகிறது. மறுபடி அந்த எண்ணம் வந்தால், அவனோ நீங்களோ, எந்த நேரமும் 14416-ல் (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம்.