பத்து ஜெயித்து ஒன்பது தோற்றவருக்கு விருதா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் பேரனோடு சேர்ந்து பேஸ்பால் பார்க்கப் பழகிவிட்டேன். 2018-இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பந்துவீச்சாளர் ஜேக்கப் டிகிராம் 10 ஆட்டம் ஜெயித்து 9 தோற்றாராம். சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதும் அவருக்கேயாம். என்ன கணக்கு இது?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: மன்னார்குடிக்காரருக்கு இது புரியாமல் போகாது. அறுவடை முடிந்தால் என்ன கேட்போம்? "ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்றுதானே. அரை வேலிக்காரரையும் ஆறு மாக்காரரையும் அந்தக் கேள்வி ஒரே தட்டில் நிறுத்திவிடும். பேஸ்பாலில் மாவுக்குப் பதில் 9 இன்னிங்ஸ், அதாவது ஒரு முழு ஆட்டம். அதற்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். மூன்றுக்குக் கீழே இருந்தாலே கெட்டிக்காரர். டிகிராம் அந்த வருஷம் 217 இன்னிங்ஸ் வீசிக் கொடுத்த சராசரி 1.70.

வெற்றி தோல்வி வேறு சங்கதி. இவர் ஒரே ரன் கொடுத்து, கூட்டாளிகள் ஒன்றுமே எடுக்காவிட்டாலும் தோல்வி இவர் பெயரில்தான் ஏறும். நெல் நன்றாக விளைந்தும், கொள்முதல் வாசலில் மழையில் நனைந்தால் யாருக்கு நஷ்டம்?

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் குடமுருட்டி ஆற்று மணலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுவோம். ஒரே ஆட்டத்தில் என் பந்தில் மூன்று கேட்ச் விட்டான் என் சித்தப்பா மகன். அத்தனை ரன்னும் என் கணக்கில். (வெயில் கண்ணில் அடித்ததாம். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான்.) பேஸ்பாலில் அதைப் பிழை என்று கேட்ச் விட்டவன் பெயரில் எழுதி, அதனால் வந்த ரன்னை வீச்சாளரின் சராசரியில் சேர்க்காமல் விடுவார்கள். ஃபீல்டர் தயவே தேவைப்படாத கணக்கும் உண்டு: அடிப்பவரை வீச்சாளர் தானே அவுட்டாக்கிய ஸ்ட்ரைக் அவுட் 269, முதல் தளத்துக்கு இலவசமாக நடக்க விட்ட வாக் 46.

திறமைக்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். ஆள் தேடிப் போகும் ஸ்கவுட்கள் வேகப்பந்து, ஸ்லைடர் என்னும் விலகிப் போகும் பந்து, கட்டுப்பாடு என்று தனித்தனியாக 20 முதல் 80 வரை கொடுப்பார்கள். 50 என்றால் சராசரி. ஆனால் டிகிராம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், அதாவது ஃபீல்டர்! அணிகள் புது ஆட்களைப் பொறுக்கும் 2010 தேர்வில் ஒன்பதாவது சுற்றில்தான் எடுத்தார்கள். அதே வருஷம் முழங்கையில் அறுவை சிகிச்சை. 2014-இல்தான் பெரிய லீக்குக்கு வந்தார், வந்ததும் சிறந்த புதுமுக விருது.

அப்புறம், பேரனிடம் 2019-ஐயும் கேளுங்கள். 11 வெற்றி, 8 தோல்வி. சை யங் மறுபடியும் அவருக்கே.