பாடத்தை நீக்கினார்களா, இல்லையா?

கேள்வி: பள்ளிப் பாடத்திட்டத்தில் கை வைத்தாலே ஒரு சேனல் 'அறிவியலை அழிக்கிறார்கள்' என்கிறது, இன்னொன்று 'பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறார்கள்' என்கிறது. யாரைத்தான் நம்புவது?

பதில்: இரண்டு பேரையுமே முழுசாக நம்ப வேண்டாம். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023இல் கொண்டுவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிம வரிசை அட்டவணைப் பாடம் மொத்தமாகப் போனது, 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' என்று சுருங்கியது. உடனே ஒரு பக்கம், இனி இந்தியப் பள்ளிகளில் டார்வினுக்கே இடமில்லை என்ற தோரணையில் செய்தி. இன்னொரு பக்கம், எல்லாம் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் பத்திரமாக இருக்கிறது, வதந்தியை நம்பாதீர்கள் என்ற அரசுத் தரப்பு விளக்கத்தை அப்படியே வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அந்த வகுப்புகளில் அவை இருப்பது உண்மைதான். ஆனால் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டு வணிகவியல் எடுக்கிற பிள்ளை பரிணாமத்தைப் பள்ளியில் எப்போது படிக்கும்? படிக்கவே படிக்காது! கத்திக்கொண்டிருந்த விவாதங்களில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி இது. அதைக் கேட்டால் 'டார்வினே இல்லை' என்பதும் நிற்காது, 'ஒன்றும் மாறவில்லை' என்பதும் நிற்காது, அதனால்தான் இரு தரப்புக்கும் அது தோதுப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2010இல் டெக்சாஸ் மாநிலக் கல்வி வாரியம் சமூக அறிவியல் பாடத்தரங்களைத் திருத்தியபோது, அந்த நாட்டின் மூன்றாவது அதிபரான தாமஸ் ஜெஃபர்சனையே தூக்கிவிட்டார்கள் என்று செய்தி பறந்தது. வரைவில் தூக்கியது உலக வரலாற்றுப் பாடத்தில் சிந்தனையாளர்கள் வரிசையில் இருந்த பெயரை மட்டும், இறுதி வடிவத்தில் அதுவும் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்க வரலாற்றில் அவர் இருக்கத்தான் செய்தார்.

சரி, அப்போது என்ன செய்வது? எந்த வகுப்பு, எந்தப் பாடம், வந்திருப்பது வரைவா இறுதி வடிவமா என்று சொல்லாத செய்தியைத் தள்ளி வையுங்கள். அதிகாரப்பூர்வப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். என்சிஇஆர்டி தான் நீக்கியவற்றை இணையத்தில் பட்டியலாகவே போட்டது, ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் காந்தி கொலையை ஒட்டி நீக்கப்பட்ட சில வரிகள் அதில் இல்லை. பழைய புத்தகத்தையும் புதியதையும் ஒப்பிட்டு அதை வெளியே கொண்டுவந்தது பத்திரிகைதான். அப்படி உட்கார்ந்து வரி வரியாகப் படித்து எழுதுகிற நிருபர் எந்தப் பத்திரிகையில் இருந்தாலும் தேடிப் படியுங்கள், மற்ற சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டாம்.