செந்நாய் மீது விழுந்த பழி

ஆசியக் கண்டத்தைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத ஒரு விலங்கைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காட்டோரம் திரியும் செம்பட்டை நிற நாயைத்தான் செந்நாய் என்கிறார்களா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இல்லை, அது தனி விலங்கு. நாயும் ஓநாயும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செந்நாயோ குவோன் என்ற வேறொரு பேரினத்தில் தான் ஒன்றாகவே எஞ்சியிருக்கிறது. நாய்க்கு 42 பற்கள் உண்டு. செந்நாய்க்குக் கீழ்த்தாடையின் இருபுறமும் கடைவாய்ப்பல் ஒவ்வொன்று குறைவதால் 40 பற்களே உள்ளன. வட்டமான காதுமடலும், நுனியை நோக்கிக் கறுத்துச் செல்லும் புதர் போன்ற வாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாயைப் போல் அது குரைப்பதில்லை. அடர்ந்த புதர்க்காட்டில் சிதறிய கூட்டம் ஒன்றுசேர்வதற்குச் சீழ்க்கை ஒலி எழுப்புகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தொடங்கி பூட்டான், மியான்மர், தாய்லாந்து, சுமத்ரா, ஜாவா வரை அது வாழ்கிறது.

கேள்வி: சிறுநீரில் வாலை நனைத்து, இரையின் கண்ணில் அடித்துக் குருடாக்கும் என்றும், உயிரோடு இருக்கும்போதே வயிற்றைக் கிழித்துத் தின்னும் என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? (வாசகி, கூடலூர்)

பதில்: முதலாவது வெறும் கதை. இரண்டாவது கண்ணால் காணக்கூடிய உண்மைதான். ஆனால் அதைக் கொடுமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புலி தன் உடல் எடையாலேயே மானைச் சாய்த்துக் கழுத்தைக் கவ்விக் கொன்றுவிடும். செந்நாயின் எடை 12 முதல் 20 கிலோதான். வளர்ந்த ஆண் புள்ளிமான் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கனக்கும். கடமானோ இன்னும் பெரியது. அப்படிப்பட்ட இரையைப் பல செந்நாய்கள் சேர்ந்து பின்புறத்திலும் வயிற்றிலும் கடித்துத்தான் வீழ்த்த முடியும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அந்த உயிர் அடங்கிவிடும்.

முதுமலையில் ஒரு சித்திரை மாதக் காலையில், ஓடைக்கரையில் வீழ்ந்து கிடந்த புள்ளிமானை ஒரு செந்நாய்க் கூட்டம் சூழ்ந்திருந்ததைப் பார்த்தேன். வேட்டையாடிய பெரியவை பசியோடு ஒதுங்கி நிற்க, காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்த நான்கு குட்டிகள் முகமெல்லாம் இரத்தம் படிய முதலில் தின்றன. குட்டிகள் வளைக்குள் இருக்கும் காலத்தில், அவற்றுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூட்டத்திலுள்ள மற்றவை தின்றதைக் கக்கி ஊட்டுகின்றன. இவ்வளவு பரிவு கொண்ட விலங்கை, மானை அழிக்கும் சனியன் என்று முத்திரை குத்தி, கொன்றவர்களுக்கு வெகுமதி கொடுத்தது வெள்ளையர் ஆட்சி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வழக்கம் முற்றிலும் ஒழிந்தது. அதே பத்தாண்டில் நாங்குநேரியைச் சேர்ந்த காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து முறையாக ஆராய்ந்தார். அவற்றின் வாழ்க்கையைப் பற்றி நாம் இன்று தெளிவாகப் பேச முடிவதற்கு அவர் பட்ட பாடு ஒரு பெரிய காரணம்.

கேள்வி: மனிதரைத் தாக்குமா? (வாசகர், தேனி)

பதில்: ஆளைக் கண்டால் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு விலகிச் செல்வதே அதன் இயல்பு. ஆனாலும் குட்டிகள் உள்ள வளையை நெருங்கக் கூடாது.

கேள்வி: செந்நாய் அழிந்துவருகிறது என்கிறார்களே, காட்டோர ஊர்க்காரர்களான நாங்கள் என்ன செய்யலாம்? (வாசகர், மசினகுடி)

பதில்: இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உள்ள செந்நாய்கள் உலகம் முழுவதிலும் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்று 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு இணைதான் குட்டி போடும் என்பதால், கூட்டம் பெரிதாகத் தெரிந்தாலும் இந்த எண்ணிக்கை சிறிதாகவே இருக்கிறது. பூட்டானில் 1970-களில் கால்நடையைக் காப்பதற்காக விஷம் வைத்துச் செந்நாய்களை ஏறக்குறைய ஒழித்தார்கள். அதன்பின் காட்டுப்பன்றிகள் பெருகி வயல்களைச் சூறையாடின. உங்கள் ஊரிலும் பன்றித் தொல்லை இருக்குமானால் இதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் வெறிநோய், டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்) தடுப்பூசிகளைத் தவறாமல் போடச் செய்யுங்கள். அந்த நோய்கள் பரவினால் ஒட்டி உறவாடும் ஒரு கூட்டமே மடிந்துபோகும். செந்நாய் வீழ்த்திய மானைக் கண்டால், அவற்றை விரட்டிவிட்டு இறைச்சியை எடுத்துவரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சட்டப்படி குற்றம். அந்த இறைச்சிக்காக வளையில் குட்டிகளும் காத்திருக்கலாம்.