ஆல்ப்ஸில் வரலாறு உள்ள ஒரு மலைப்பகுதியில் டென்ட் போட்டுத் தங்க எங்கே போகலாம், எப்படித் திட்டமிடுவது?

செப்டம்பரில் ஒரு வாரம் லீவு, நண்பர்கள் மூன்று பேர், வெறுமனே மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஏதாவது நடந்த இடமாக இருக்க வேண்டும், ஹோட்டல் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வட இத்தாலியில் இருக்கும் டோலமைட்ஸ் மலைகளுக்குப் போங்கள், கோர்தினா தாம்பெட்ஸோ என்ற ஊரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன், இரண்டு முறை அங்கே டென்ட் போட்டுத் தங்கியிருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில், 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. கோர்தினா அப்போது ஆஸ்திரியாவுக்குச் சொந்தம். ஆஸ்திரியப் படை ஊரை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த உச்சிகளுக்கு ஏறிக்கொண்டது, இத்தாலியர் கீழிருந்து ஏற வேண்டியதாயிற்று. இரண்டரை வருடம் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் உயரத்தில், பாறையைக் குடைந்து உள்ளேயே உண்டு உறங்கிச் சண்டை போட்டார்கள். குண்டுக்குச் செத்தவர்களைப் போலவே பனிச்சரிவிலும் குளிரிலும் செத்தவர்கள் ஏராளம். மார்மொலாதா மலையில் 1916 டிசம்பர் 13 அன்று ஒரே பனிச்சரிவில் 270 வீரர்கள் போல இறந்தார்கள்.

இதில் நீங்கள் கட்டாயம் ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டியது லகட்சுவோய் மலைக்கு. கோர்தினாவிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ ஃபால்ட்ஸாரெகோ கணவாய் வரை போய்விடலாம், அதுவே 2,105 மீட்டர். அங்கிருந்து கேபிள் கார் சில நிமிடங்களில் 2,750 மீட்டருக்கு ஏற்றிவிடும். மேலே உச்சியில் ஆஸ்திரியர், நடுவில் செங்குத்துப் பாறையில் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இத்தாலியர். மேலே இருப்பவர்கள் இவர்களை உருட்டிவிடப் பாறைக்குள் வெடி வைத்தார்கள், ஒரு முறை இல்லை, பல முறை. இத்தாலியர் பதிலுக்கு 1,100 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து மேல் நோக்கிப் போய், 1917 ஜூன் 20 அன்று 33 டன் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். வெடித்துச் சரிந்த கற்குவியல்கள் இன்றும் கணவாய்ச் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் நீங்கள் கீழே இறங்கப் போகிறீர்கள்.

ஹெல்மெட்டும் ஹெட்லேம்ப்பும் இல்லாமல் அதற்குள் போகாதீர்கள், கணவாயிலேயே வாடகைக்குக் கிடைக்கும். படிகள் செங்குத்து, ஈரம், ஒரு பக்கம் இரும்புக் கம்பி வடம் பிடித்துக்கொள்ள இருக்கும், கையுறை இருந்தால் நல்லது. வழியில் பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள் வரும், சுடுவதற்கு வைத்த துவாரங்கள் வழியாக வெளிச்சம் உள்ளே விழும். அந்தத் துவாரம் ஒன்றில் குனிந்து பார்த்தபோது, நான் காலையில் டீ குடித்த இடம் கீழே சிறியதாகத் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நண்பர்கள் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். 1917 அக்டோபர் கடைசியில் வேறொரு முனையில், காப்பொரெட்டோவில், இத்தாலியப் படை உடைந்ததும் சில நாட்களில் இந்த மலைகளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். இத்தனை குடைந்த பிறகு!

சரி, டென்ட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் தவறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மலை உச்சியிலோ ஏரிக்கரையிலோ நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது, தடை, அபராதம் போடுவார்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் கேம்ப்சைட்டில்தான் போட வேண்டும். கோர்தினாவைச் சுற்றி நாலைந்து இடம் இருக்கிறது, வெந்நீர்க் குளியல், துணி துவைக்க வசதி எல்லாம் உண்டு, மரங்களுக்கு நடுவே நன்றாகவே இருக்கும். மேலே ஒரு இரவாவது தங்க ஆசையென்றால் அதற்கு மலைக்குடில்கள் இருக்கின்றன, இத்தாலியில் ரிஃபூஜியோ என்பார்கள். லகட்சுவோய் உச்சியிலும் ஒன்று உண்டு, ஆனால் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும்.

செப்டம்பர் முதல் பாதி நல்ல தேர்வு, ஆகஸ்ட்டில் இத்தாலி முழுக்க லீவு என்பதால் கூட்டம் தாங்காது, ஜூலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வாடிக்கை. செப்டம்பர் பிற்பாதியில் குடில்களும் சில கேம்ப்சைட்களும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். குளிர் விஷயத்தில் மட்டும் கணக்கு தப்பக் கூடாது. ஊரே 1,200 மீட்டரில் இருக்கிறது, பகலில் டீ-ஷர்ட் போதும், இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழே போகும். முதல் முறை நான் கோடைக்கால ஸ்லீப்பிங் பேக்கோடு போய் ராத்திரி முழுக்க ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு நடுங்கினேன். பூஜ்யம் டிகிரி தாங்கும் பை, அப்புறம் அடியில் விரிக்க நல்ல பாய். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது, அதனால் பாயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை விமானத்தில் எடுத்துப்போக முடியாது, ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் இடத்தின் பதிவைக் காட்ட வேண்டும், கேம்ப்சைட்டிடம் பெயர், தேதியோடு எழுத்தில் வாங்கி வையுங்கள். கார் இல்லையென்றால் வெனிஸிலிருந்து கோர்தினாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது, இரண்டு இரண்டரை மணி நேரம்.

படத்தில் எல்லோரும் போடும் மூன்று சிகரங்கள், ட்ரே சீமே, அதற்கும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரில் மேலே போவதானால் முன்பதிவு வேண்டும். அதை விடக் குறைந்த கூட்டத்தில் பார்க்க சிங்க்வே தொர்ரி என்ற ஐந்து பாறைக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் இத்தாலியரின் பதுங்கு குழிகளைச் செப்பனிட்டுத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நாற்காலி லிஃப்டில் ஏறி, சாவகாசமாக நடக்கலாம், முழங்கால் வலி உள்ள நண்பருக்கும் ஒத்துவரும். எந்தப் பாதையில் நடந்தாலும் துருப்பிடித்த இரும்பு ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவசரத்துக்கு 112.

ஊருக்கு மேலே பொகோல் என்ற இடத்தில் ஒரு நினைவுக் கோபுரம் இருக்கிறது. இந்த மலைகளில் இறந்த பத்தாயிரம் வீரர்கள் போல அங்கே அடக்கம், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. லகட்சுவோயிலிருந்து திரும்பும் வழியிலேயே வரும், அன்று மாலையே இறங்கிப் பார்த்துவிடுங்கள்.