நிரல் சரியாக இயங்கினால் போதாதா? ‘அழகான நிரல்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

போதாது. ஒருமுறை எழுதிய நிரலைப் பிழை திருத்தவும் புதிய வசதி சேர்க்கவும் பலமுறை படிக்க வேண்டியிருக்கிறது. படிப்பவர் பெரும்பாலும் எழுதியவர் அல்லர்.

என்னைப் பொறுத்தவரை, தேவையற்ற விதிவிலக்குகள் மறைவதே அழகின் முதல் அடையாளம். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-இல் டெட் மேடையில் காட்டிய உதாரணம் இதற்கு மிகப் பொருத்தமானது. லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்ததைச் சுட்டும் பட்டியல். அதிலிருந்து ஓர் உறுப்பை நீக்க வேண்டும். வழக்கமான முறையில், அது முதல் உறுப்பா என்று ஓர் ‘இஃப்’ (நிபந்தனை) வைத்துத் தனியாகச் சோதிப்போம். நீக்கும்போது முந்தைய உறுப்பின் சுட்டை மாற்ற வேண்டும்; முதல் உறுப்புக்கு முன்னால் வேறு உறுப்பு கிடையாதே! மாற்று வழியோ, உறுப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சுட்டும் பாயின்டரின் முகவரியைப் பின்தொடர்கிறது. பட்டியலின் தலையும் பாயின்டர்தான், நடுவில் இருப்பதும் பாயின்டர்தான். ஆகவே இரண்டையும் ஒரே வரி கையாள்கிறது, ‘இஃப்’ உதிர்ந்துவிடுகிறது. வரி குறைந்தது இரண்டாம்பட்சம். தவறு நுழையக்கூடிய ஒரு கிளையே இல்லாமல் போனதுதான் பெரிய விஷயம்.

சுருக்கம்தான் அழகு என்பதை நான் ஏற்கமாட்டேன். நான்கு செயல்களை ஒரே வரியில் திணித்தால், படிப்பவர் அதை மறுபடி பிரித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்களுக்கு நேரம் செலவிடுங்கள். ‘டி’ (d) என்ற மாறி நாளா (day), தூரமா (distance)? ‘மீதமுள்ள_நாட்கள்’ என்றால் அந்தக் கேள்வியே எழாது. என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லட்டும். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் கமென்டில், அதாவது படிப்பவருக்காக நிரலுக்குள் வைக்கும் குறிப்பில், எழுதுங்கள். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை அவற்றைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டர் என்ற மென்பொருளிடம் விட்டுவிடலாம்.